ஒன்பது மணிச் சத்தம்

யஸ்னாவின் சீருடையை
நான் குளியலறையில்தான் உலர்த்துகிறேன்.
பால்கனியில் கொடி இருக்கிறது,
தல்காவானோத் துறைமுகத்தின் உப்புக்காற்று இருக்கிறது,
அரைமணியில் காய்ந்துவிடும்.
ஆனால் அந்தப் பச்சை
மூன்று தெருவுக்குத் தெரியும்.
உள்ளே, கம்பியில் தொங்கி
இரண்டு நாளாய்ச் சொட்டுகிறது.
ஈர வாடையோடுதான் வேலைக்குப் போகிறாள்.

அக்டோபரில் எழுதினார்கள்.
எங்கள் சுவரில் அல்ல, எதிர்ச்சுவரில்,
எங்கள் ஜன்னல் படிக்கும்படி:
கொலைகாரி.
கடைசி எழுத்துக்குச் சாயம் போதவில்லை.
மறுநாள் வேறு நிறத்தில் வந்து
முடித்துவிட்டுப் போனார்கள்.

நான் ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவன்.
இந்தக் குன்றில் எந்த வீட்டுப் பெட்டி
எப்படி முனகும் என்று பதினோரு வருடப் பழக்கம்.
நவம்பரில்
யாருடைய ஃபிரிட்ஜும் பழுதாகவில்லை.
மீன்காரர் நிபால்தோ மட்டும்
முன்போலவே எடைபோட்டார், பேச்சில்லாமல்,
ஒரு துண்டு கூடுதலாகவே.
அது பயமா, இரக்கமா?
வறுத்துத் தின்ற பிறகும் தெரியவில்லை.

இரவில் அவள் கூந்தலில் கண்ணீர்ப்புகை.
அவள் பக்கம் திரும்பிப் படுத்தால்
என் கண் எரியும்.
காலையில் சிவந்த கண்ணைப் பார்த்து
அப்பா அழுதிருக்கிறார் என்று அம்பாரோ நினைத்தாள்.
நான் திருத்தவில்லை.

மேல்வீட்டு எலியானாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.
நிலநடுக்கத்தின்போது
எலியானாவின் தாயை நான்கு மாடி
முதுகில் சுமந்து இறக்கியவள் யஸ்னா.
அதை யாரும் மறக்கவில்லை.
அதுதான் கஷ்டம்.
யஸ்னாவுக்கு இரவுப்பணி என்றால்
அம்பாரோ தூங்கியது அவர்கள் சோபாவில்தான்.
எங்கள் மாற்றுச்சாவி அவர்களிடம்தான்.

எலியானாவின் மகன் ரூபேனுக்கு
இடது கண் போன வாரம்
சாவி ஓர் உறைக்குள்
கதவுக்கு அடியில் கிடந்தது.
கடிதம் இல்லை.
உறையை இரண்டு முறை உதறிப் பார்த்தேன்.

அன்றிரவு கேட்டேன்:
"நீ அங்கே இருந்தாயா?"
குனிந்து காலணிக் கயிற்றை
அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.
ஒரு முடிச்சுக்கு
அவ்வளவு நேரம் ஆகாது.

ஒன்பது மணிக்குக் குன்று முழுக்கப் பாத்திரம் தட்டும்.
ஜன்னலுக்கு ஜன்னல், சட்டி, மூடி, தட்டு.
நாங்கள் விளக்கணைத்து
டிவியின் சத்தத்தைக் கூட்டுவோம்.
ஒரு செவ்வாய்க்கிழமை
அம்பாரோ எழுந்துபோனாள்.
பதின்மூன்று வயது, பள்ளிப் படிவத்தில்
"தாய்: அரசு ஊழியர்" என்று எழுதப் பழகியவள்.
பருப்பு வேகவைக்கும் பாத்திரத்தை எடுத்தாள்,
இரும்புக் கரண்டியை எடுத்தாள்,
ஜன்னலைத் திறந்தாள்.

நான் தடுக்கவில்லை.
தடுக்கக் கூடாது என்றா,
தடுக்க முடியாது என்றா,
கேட்காதீர்கள்.
எதிர்ஜன்னலில் ஒரு கிழவர்
கையை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்தார்.
பிறகு அவள் தாளத்தில் சேர்ந்துகொண்டார்.
அவள் தோள் குலுங்குவது
பின்னாலிருந்து பார்க்க
தட்டுவதாலா என்று சொல்லமுடியவில்லை.

இரண்டு மணிக்கு யஸ்னா வந்தாள்,
சீருடைக்கு மேல் என் பழைய கம்பளிச்சட்டை.
சமையலறையில் விளக்கைப் போட்டவள்
பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள்.
அடியில் நசுங்கல், ஏழெட்டு.
கட்டைவிரலால் ஒவ்வொன்றாய்த் தடவினாள்.
யார் என்று கேட்கவில்லை.
பருப்பை அளந்து ஊறப்போட்டாள்.

மறுநாள் அந்தப் பாத்திரம்
அடுப்பில் சமமாய் உட்காரவில்லை, ஆடியது.
விடுமுறை நாள் அவளுக்கு.
வேகும்வரை கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள்,
பிடிதுணி எடுக்கவும் மறந்து.

சாப்பிட உட்கார்ந்தோம்.
அம்பாரோ இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.
"உப்பு போதுமா?" என்றாள் யஸ்னா.
"போதும்" என்றாள் மகள், தட்டைப் பார்த்து.

மேலே ஒரு நாற்காலி சரிந்தது.
ரூபேன் அந்த அறையை
இன்னும் பழகிக்கொண்டிருக்கிறான்.

மூவரும் கரண்டியை நிறுத்தினோம்.